வளைந்த சட்டத்தின் கீழே

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் அவரைத் தம்போய் வண்டிப் பட்டறைக்காரராகவே அறிவீர்கள். அவர் அந்தத் தொழிலுக்கு வந்த காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. உடனிருந்து பார்த்த தங்கை என்பதால் நான் எழுதுகிறேன்.

அண்ணன் கூலாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். எங்கள் தகப்பனார் காலமானபோது எனக்கு ஐந்து வயது. அண்ணன் தோட்ட லாரியில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய், பிறகு அதே லாரிக்கு ஓட்டுநரானார். அந்தச் சம்பளத்தில்தான் என்னை ஜொகூர் பாருவில் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் சேர்த்தார்.

ஒருநாள் சாலையோரம் நின்றிருந்த லாரியின் மேல் ஒரு பஸ் மோதியது. யாருக்கும் காயமில்லை. லாரி பட்டணத்துப் பட்டறை ஒன்றுக்குப் போய், புதுப் பச்சைப் பெயிண்டோடு திரும்பி வந்தது. மூன்றாம் நாளே அண்ணன் தோட்டத்து அலுவலகக் கிராணியிடம் போனார்.

"வண்டி இடப்பக்கம் இழுக்குதுங்க."

"இப்பதானே பட்டறையிலேருந்து வந்துச்சு. ஓட்ட முடியலன்னா சொல்லு, வேற ஆள் இருக்கு."

அண்ணன் ஓட்டினார். அந்த வாரமே, மழை பெய்துகொண்டிருந்த காலையில், இறக்கத்தில் லாரி இடப்பக்கம் இழுத்துக் கால்வாயில் கவிழ்ந்தது. மேலே ரப்பர் தாள்களின்மீது உட்கார்ந்திருந்த சவரிமுத்து அந்த இடத்திலேயே இறந்துபோனார். அண்ணனோடு சேர்ந்து வளர்ந்தவர் அவர்.

விசாரணையில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். வண்டி இழுத்ததென்று அண்ணன் சொன்னதைக் கிராணி மறுத்துவிட்டார்; வேறு சாட்சியும் இல்லை. கல்லறையில் சவரிமுத்துவின் மனைவி அருளாயி அக்கா எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "பிடிச்சிருந்த கை உன்னோடதுதானே தம்பி? இரும்புமேல எதுக்குப் பழி போடுற?"

அண்ணனுக்கு வேலையும் போயிற்று. தம்போயில் ஒரு சீனர் பட்டறையில் சேர்ந்து, மோதி நசுங்கிய மட்கார்டுகளைத் தட்டி நிமிர்த்தக் கற்றார். ஆனால் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம் நேராக இருக்கிறதா, வளைந்து வண்டியை ஒருபக்கம் இழுக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வித்தையை அங்கே யாரும் கற்றுத்தரவில்லை. தகரம் பளபளத்தால் வேலை முடிந்தது என்பதே வழக்கம்.

பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், விபத்தில் சிக்கிய வண்டிகளைச் சீராக்க ஆறு மாத வகுப்பு தொடங்கும் விளம்பரத்தைப் பத்திரிகையில் பார்த்துச் சொன்னவள் நான். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்தது. அண்ணனுக்கு அப்போது வயது இருபத்தேழு. பழைய தகரத்தில் சுண்ணக்கட்டியால் நான் எழுதிக் காட்டுவேன். அவர் வாசித்து அழிப்பார். முதலாளியோ, "வாரம் ரெண்டு நாள் போனா இங்க வேலை இல்லலா" என்று சொல்லிவிட்டார். அண்ணன் போனார். மற்ற நாட்களில் துறைமுகத்தில் சுமை தூக்கினார்.

நான்காம் மாதம் ஒரு மாலை வகுப்பிலிருந்து வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சட்டத்தின் மடிப்பில் பெயிண்ட் வெடித்திருந்தால், பெயிண்ட் அடித்த பிறகு வளைந்தது. வெடிக்காமல் மடிப்புக்குள் படிந்திருந்தால், அடிக்கும் முன்பே வளைந்திருந்தது. அன்று அதைத்தான் கற்றுக்கொடுத்தார்களாம்.

"அந்த லாரி இன்னும் தோட்டத்துக் கொட்டகையிலதான் கெடக்குதாம், மேரி."

"போகாதீங்கண்ணே. பெயிண்ட் வெடிச்சிருந்தா என்ன செய்வீங்க?"

"அப்ப கை என்னோடதுதான்னு அருளாயி அக்காகிட்ட சொல்லணும்."

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் தோட்டத்துக்குப் போனோம். அண்ணன் முன்கூட்டியே எதையும் பார்க்கவில்லை. அருளாயி அக்காவின் வீட்டு வாசலில் நின்று, "நீங்க வந்தாதான் பார்ப்பேன்" என்றார். அக்கா அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அண்ணன் முதலில் சட்டத்தின் மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்தார். இரண்டு அளவும் ஒத்துவரவில்லை. "கால்வாய்ல விழுந்தும் வளைஞ்சிருக்கலாம்" என்று அவரே சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் நுழைந்தார். நான் டார்ச் விளக்கைப் பிடித்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் முன்சட்டத்தைத் துடைத்தார். காய்ந்த சேறு உதிர்ந்தது. மடிப்பு தெரிந்தது. அவர் அதை விரலால் தடவினார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"அக்கா, நீங்களே வந்து தடவிப் பாருங்க."

அருளாயி அக்கா மண்ணில் முட்டிபோட்டுக் குனிந்தார். மடிப்பின் உள்ளே நகத்தை ஓட்டினார். பச்சைப் பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் வழவழவென்று படிந்திருந்தது. அண்ணன் அதன் பொருளைச் சொன்னார்.

"அப்போ பட்டறையிலேருந்து வந்தப்பவே வளைஞ்சுதான் இருந்துச்சா?"

"ஆமாக்கா. ஆனா இழுக்குதுன்னு தெரிஞ்சும் ஓட்டினது நான். வேலை போயிடும்னு பயந்தேன். அது என்மேலதான்."

அக்கா அழவில்லை. "பயந்தேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "சாப்பிட்டுப் போங்க" என்றார். அன்று நாங்கள் அவர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டோம்.

தோட்ட நிர்வாகியான துரையிடம் அண்ணன் இதை எழுதிக்கொடுத்தார். பழைய விசாரணையைத் திறக்க முடியாது என்று பதில் வந்தது. அவர் அதோடு விட்டுவிட்டார்.

வகுப்பில் தேறி, தம்போயில் சொந்தப் பட்டறை வைத்த பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிறு மற்றப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டுச் சட்டம் அளக்கக் காட்டுவார். தொழில் ரகசியத்தைக் கெடுக்கிறார் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். "கத்துக்கிட்டுப் போகட்டும்" என்பதற்குமேல் அவர் பேசியதில்லை. சென்ற ஆண்டு மலேரியாக் காய்ச்சல் கண்டு பதினோராம் நாள் மருத்துவமனையில் கண்ணை மூடினார். கடைசி இரண்டு நாள் அவருக்கு நினைவில்லை.

எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்த பங்குச் சாமியாருக்கும், இரவு பகல் பார்த்த தாதிகளுக்கும், பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசி லாரிகளை நிறுத்திவிட்டு வந்த ஓட்டுநர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்தன்று கோயில் பதிவேட்டில் எழுத உறவுமுறை கேட்ட உபதேசியாரிடம், "கூடப்பிறந்தவன்னு எழுதுங்க" என்று சொல்லி என் பக்கத்தில் வந்து நின்ற அருளாயி அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.