இரண்டு கோடு போடச் சொன்ன பவளம் டீச்சர்

பவளம் டீச்சர் போய்விட்டார் என்று பள்ளி அதிபர் போனில் சொன்னபோது நான் ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "எந்தப் பவளம்?" என்று கேட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே பவளம்தான். தெரிந்தேதான் கேட்டேன்.

அவர் விஞ்ஞானம், நான் தமிழ். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த மேசை. அவருடைய பாடநூல் சொற்களை நான் கிண்டலடிப்பது அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். "இந்த இழைமணியைக் கோத்துக் கழுத்துல போட்டுக்கலாமா டீச்சர்?" என்பேன். "போடுங்க சார். உடம்புல ஒவ்வொரு கலத்துக்கும் சக்தி குடுக்கிறதே அதுதான். உங்களுக்கும் கொஞ்சம் தெம்பு வரட்டும்" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒருநாள் பிள்ளைகள் வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைந்தார்கள். பாதிப் பேர் இரண்டு கலங்களுக்கு நடுவே ஒரே சுவரைப் போட்டிருந்தார்கள். டீச்சர் கொப்பிகளை என் மேசையில் பரப்பினார். "பாருங்க சார், எல்லாம் தோட்டத்து லயத்துப் புள்ளைக. ரெண்டு காம்பராவுக்கு ஒரு சுவருன்னுதான் அதுகளுக்குத் தெரியும்." மறுநாள் அவர் குரல் என் வகுப்புவரை கேட்டது: "ஒவ்வொரு கலத்துக்கும் சொந்தச் சுவரு இருக்கு. நடுவுல பசை மாதிரி ஒண்ணு ஒட்டி வச்சிருக்கு. ரெண்டு கோடு போடுங்க."

அப்போது அவரும் அம்மாவும்கூட லயத்தில்தான், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து அறைகளில் ஒன்றில், இருந்தார்கள். சொந்தச் சுவரோடு ஒரு வீடு, அதில் அம்மாவைக் குடிவைக்க வேண்டும். டீச்சருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. வீடும் எழும்பியது. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்த பார்வதிக்கும் டீச்சர் வீட்டுக்குப் பக்கத்திலேயே புதுவீடு, அவரும் குடிபோகவிருந்தார். அப்படியும் அம்மா இறங்கி வரவில்லை. "இங்க நெஞ்சடைச்சா சுவத்தைத் தட்டுனா போதும், பார்வதி ஓடியாருவா. அங்க தட்டுனா யாருக்குக் கேக்கும்?"

டீச்சர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டுவைத்தேன்: "சுத்திச் சுவர் எழுப்பிட்டா உங்க கலம் மூச்சு முட்டிச் செத்துராதா டீச்சர்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார். "அந்தச் சுவத்துல பொடிப்பொடி ஓட்டை இருக்கு சார். அது வழியாத்தான் பக்கத்துக் கலத்தோட குடுக்கல் வாங்கல்." அந்த வாரமே மேசனைக் கூட்டிப்போய், பார்வதி வீட்டுப் பக்கச் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தார். அம்மா வந்து, உள்ளே நின்று, அதற்குள் அடுத்த வீட்டுக்குக் குடிவந்திருந்த பார்வதியைக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் வந்த பிறகுதான் சாமான்களைக் கட்டினார்.

அம்மாவுக்காகத்தான் அந்த ஜன்னல். ஆனால் எனக்குப் போன் வந்த அன்று காலை குசினியில் விழுந்தது டீச்சர். அந்த ஜன்னலில் நின்று அம்மா கூப்பிட்ட சத்தத்துக்குப் பார்வதி ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பாவி மனுஷி, தனக்கும் நெஞ்சு வலிக்கும் என்று ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கருமாதி முடிந்ததும், லயத்துக்கே திரும்பிப் போகிறீர்களா என்று அம்மாவைக் கேட்டேன்.

"எம் மக கட்டுன சுவரு தம்பி. விட்டுட்டு எங்க போறது?"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறேன். அம்மா பிளேன்டீ ஊற்றித் தந்து, சீனி போதுமா என்று கேட்கிறார். மகளின் பெயரை நாங்கள் இருவருமே இன்னும் எடுக்கவில்லை. பவளம் டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய அம்மாதான்.