தரையில் இறக்கிய சீர்த்தட்டு

என் வீட்டுக்காரரால் சைக்கிள் மிதிக்க முடியும், நடக்க முடியாது. சொன்னால் சிரிப்பீர்கள். ஊரே சிரித்தது, நீங்களும் சிரித்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

பெயர் சென்னப்பன். பிறந்தது ஜவளகிரியில், காட்டை ஒட்டிய நிலம். ராகி விளைந்தால் பாதியை யானை தின்றுவிடும். மீதியை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது என்று இளவயதிலேயே ஓசூர் சிப்காட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. டிராலியில் பார்ட்ஸ் ஏற்றி லைனுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அவருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். பேசினால்தான் என்ன, வாய் எதற்கு இருக்கிறது?

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் இந்த வினோதம் ஆரம்பித்தது. ஷிஃப்ட் முழுக்க டிராலி தள்ளுவார், ஒன்றும் ஆகாது. சைக்கிளில் பாகலூர் வரை போய் வருவார், ஒன்றும் ஆகாது. வெறுங்கையோடு கம்பெனி கேட்டிலிருந்து டீக்கடைக்கு நடந்தால் மட்டும் பாதியிலேயே தொடை கனத்து, கெண்டைக்கால் மரத்து, எங்கே கல் கிடக்கிறது என்று தேடி உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்து முன்னால் குனிந்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். கேட்டில் நிற்கும் கன்னடக்கார செக்யூரிட்டி, "ஏனு அண்ணா, சுஸ்தாயித்தா?" என்பான். களைத்துப் போய்விட்டாயா என்று நக்கலாம். "சைக்கிள் மிதிக்கிற காலுக்கு நடக்க மட்டும் நோவுதா? ஆக்டிங்குப்பா" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். இவரும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு ஒரே தங்கை, ராஜாத்தி. காவேரிப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்தது. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது இவர் ஒருவர்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் புது வீடு கட்டினாள். கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் சீர் கொண்டு போக வேண்டும். அங்கே ஒரு முறை உண்டு. மாரியம்மன் கோயிலில் மேளத்தோடு கிளம்பி, பெரிய தாம்பாளத்தை அண்ணன்காரன் தலையில் தூக்கினால், வாசலில் தங்கை கையில் கொடுக்கிற வரைக்கும் அது தரையைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

முதல் நாள் முழுக்க இவர் அங்கே சைக்கிளில்தான் சுற்றினார். வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார், பால் கேன் கொண்டு வந்தார். ஊரே பார்த்தது. மறுநாள் காலையில் தாம்பாளத்தைத் தலையில் ஏற்றி நிமிர்ந்து நடந்தார். பாதித் தெரு கூடப் போகவில்லை, முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க, நோவுதா?" என்றேன். கால் இரண்டும் பின்னிக்கொண்டன. நான் கை நீட்டுவதற்குள் தாம்பாளத்தை மண்ணில் இறக்கி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். மேளம் நின்றுவிட்டது.

ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற ராஜாத்தி ஓடி வந்தாள்.

"நேத்தெல்லாம் சைக்கிள்ல பறந்தியே, எனக்கு சீர் தூக்கறதுன்னா மட்டும் கால் வரலியா? புடிக்கலன்னா வராமயே இருந்திருக்கலாம் இல்ல? என் வாசலுக்கு வர்றத மண்ணுல வெச்சிட்டியே அண்ணா!"

"இல்ல பாப்பா, காலு..." என்றார் இவர். சீரை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் சாப்பிடாமல் பஸ் ஏறினோம்.

அந்த வீட்டில் அப்புறம் போர் போட்டார்கள், தண்ணீர் வரவில்லை. அதற்கும் என் வீட்டுக்காரர் சீரை மண்ணில் வைத்ததுதான் காரணம் என்று பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஓசூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயமே தெரிந்தது. கீழ் முதுகில் நரம்பு போகிற பாதை சுருங்கிவிட்டது. பாதத்தில் பலம் குறையவில்லை, சிறுநீர் கட்டுப்பாடும் சரியாக இருக்கிறது, ஆபரேஷனுக்கு இப்போது அவசரமில்லை, முதலில் பிசியோதெரபி செய்து பாருங்கள் என்றார் டாக்டர். அப்படித்தான் ஃபெபாவிடம் போனோம். நாகர்கோவில் பக்கத்துப் பெண், கறார் பேர்வழி.

"அங்கிள், நிமிர்ந்து நின்னா அந்தப் பாதை இன்னும் இறுகும். முன்னால குனிஞ்சா கொஞ்சம் அகலும். சைக்கிள்லயும் டிராலியிலயும் நீங்க குனிஞ்சுதான இருக்கீங்க? அதான் வலிக்கல. தலையில பாரத்தை வெச்சு நிமிர்ந்து நடந்தீங்கன்னா வலிக்காம என்ன செய்யும்?" என்றாள்.

இவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "அப்ப நான் நடிக்கலம்மா, இல்ல?" என்று கேட்டார். எத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிறேன், இவர் மனசுக்குள் இப்படி ஒரு சந்தேகம் ஓடியது எனக்கே தெரியாது. ஊர் சொல்லிச் சொல்லி, தான் நடிக்கிறோமோ என்று அவருக்கே தோன்றிவிட்டிருக்கிறது. பாவி மனுஷன்.

அன்றைக்கே ராஜாத்திக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சைக்கிள்ல போனா நோவாதாம், சீர் தூக்கினா நோவுமாம். அது என்னா நரம்பு அண்ணி, ஆள் பாத்து நோவுற நரம்பு?"

நானும் விடவில்லை. "உன் அண்ணனுக்கு வந்தது உனக்கு வந்தா தெரியும்டி" என்று கத்திவிட்டு வைத்தேன். அதோடு பேச்சு முறிந்தது.

இவருக்கு இருந்தது ஒரே நினைப்புதான். ராஜாத்தி மகள் சௌமியாவுக்குக் கல்யாணம் வரும், தாய்மாமன் சீரைத் தரையில் வைக்காமல் அந்த வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் அத்தனையும் செய்தார். காலையில் எழுந்ததும் மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொள்வார். வயிற்றை இறுக்கி இடுப்பைத் தரையில் அழுத்துவார். நாற்காலியில் உட்கார்ந்து, கை தரையைத் தொடும்படி குனிவார். "வலி வந்தப்புறம் உக்காராதீங்க, வர்றதுக்கு முன்னாடி உக்காருங்க" என்று ஃபெபா சொன்னபடி, கொஞ்சம் நடந்து, கொஞ்சம் உட்கார்ந்து, மறுபடி நடப்பார். பார்க்கில் ஒருவர் முதுகைப் பின்னால் வளைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். அது கூடவே கூடாது என்று ஃபெபா நிறுத்திவிட்டாள். மெல்ல மெல்ல டீக்கடை வரை உட்காராமல் போனார். ஆனால் தலையில் பாரம் மட்டும் ஆயுசுக்கும் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

வைகாசியில் சௌமியாவுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை தபாலில் வந்தது. தாய்மாமனுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து வைக்க வேண்டிய பத்திரிகை! தபாலில்! இவருடைய பெரியப்பா மகன் கிருஷ்ணப்பனை மாமன் முறைக்கு நிறுத்தப் போகிறார்கள் என்றும் காதில் விழுந்தது. போகவே கூடாது என்று நான் குதித்தேன்.

"தபால்ல அனுப்பினாலும் பத்திரிகை பத்திரிகைதாண்டி. சீர் எடுத்துக்கினு வாசலுக்குப் போனா வேணாம்னு சொல்லுவாளா?" என்றார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அது இவருக்காகவே சொன்னதுதான்.

காவேரிப்பட்டினத்தில் இறங்கியதும் மாங்காய் மண்டிக்குப் போய் ஒரு தள்ளுவண்டி கேட்டு வாங்கினார். கழுவித் துடைத்து, புது வேட்டி விரித்து, அதன் மேல் தாம்பாளத்தை வைத்தார். பட்டுப்புடவை, தேங்காய், மஞ்சள், சௌமியாவின் நெற்றியில் மாமன் கட்ட வேண்டிய தங்கப் பட்டம். மேளம் இல்லை, எங்களுக்கு யார் மேளம் வைப்பார்கள்? மாரியம்மன் கோயிலிலிருந்து கிளம்பி, கைப்பிடியில் சாய்ந்து குனிந்து தள்ளிக்கொண்டு நடந்தார். தெருவில் மாம்பழம் என்ன விலை என்று கூட ஒருத்தி கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் எதையும் காதில் வாங்கவில்லை. போன தடவை உட்கார்ந்த அந்தப் படியைத் தாண்டும்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ராஜாத்தி வீட்டுப் பந்தல் வாசலில் வண்டியை நிறுத்தினார். உள்ளே சௌமியா மணவறையில் உட்கார்ந்திருந்தாள். அவள் நெற்றியில் ஏற்கெனவே பட்டம் மின்னியது. கிருஷ்ணப்பன் கழுத்தில் மாமன் மாலை. எல்லாம் முடிந்திருந்தது.

ராஜாத்தி வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், அதில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள், கைப்பிடியைப் பிடித்தபடி இன்னும் குனிந்தே நிற்கிற அண்ணனைப் பார்த்தாள்.

"கோயில்லேர்ந்து இப்பிடியேவா வந்த?"

"ஆமா பாப்பா. குனிஞ்சிக்கினு வந்தா நோவல. கீழ வெக்கலம்மா, எங்கயும் வெக்கல."

"அன்னிக்கே இப்பிடி வண்டியில வெச்சிக் கொண்டாந்திருக்கலாமே அண்ணா."

"அன்னிக்கி தெரியலியேம்மா."

அவள் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியதும் உடைந்துவிட்டாள். "நீ பொய் சொல்றேன்னு நெனச்சிட்டனே, பாவி நான். எனக்கு இன்னொரு பொண்ணு இல்லியே அண்ணா, இன்னொரு தடவ நீ பட்டம் கட்ட" என்று அழுதாள். எனக்கு அவளைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே போட்டாள்.

"ஒக்காரு அண்ணா. காலு நோவும்."

அவருக்கு அன்று நோவே இல்லை. அவள் சொன்னதற்காக உட்கார்ந்தார்.