முதுகு காட்டாதவள்

செஞ்சி மல்லாட்டை மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த மதலைமுத்துவை அழகன் என்றோ அறிவாளி என்றோ சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதைச் சந்தேகிக்கிற வழக்கம் அவனிடம் இல்லை. 1943 தை மாதம் அவன் செய்த முடிவு, புதிதாக வேர்க்கடலைக் காய் உடைக்க வந்த ஆரோக்கியம் தன்மேல் ஆசை வைத்திருக்கிறாள் என்பது.

வெள்ளைப் புடவை, முக்காடு. தளவானூர்ப் பக்கத்து விதவை என்று சொல்லிக்கொண்டாள். பேச்சு குறைவு. ஆனால் எங்கே போனாலும் அவனுக்கு முகம் காட்டியபடியே போனாள். கூடையோடு வாசலுக்குப் போகும்போதுகூடப் பின்பக்கமாகவே நடந்து, ஒருமுறை தராசில் இடித்துக்கொண்டாள்.

"பாத்தியா மீனம்பா, என்ன விட்டு கண்ண எடுக்க மாட்டேங்குறா."

பக்கத்தில் காய் உடைத்துக்கொண்டிருந்த மீனம்பாள் சிரித்தாள். "வண்டி மாட்டையும் அப்படித்தான் பாக்குறா. அதுக்கும் கல்யாணமா அண்ணே?"

சனிக்கிழமை அவன் சவரம் செய்துகொண்டு வந்து நேராகவே கேட்டான்: "என்னக் கட்டிக்கிறியா? மாதா கோயில் சாமியார்கிட்ட சொன்னா மூணு ஞாயிறு பூசையில கல்யாண ஓலை வாசிச்சிடுவாரு."

அவள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு முக்காட்டை எடுத்தாள். "நான் விதவையே இல்லீங்க. ஒம்போது வருசம் நாடகத்துல ராணி வேசம் கட்டினவ. கம்பெனி மொதலாளி ரெண்டாந்தாரமா கூப்டான், ஓடியாந்துட்டேன். மேடையில பாக்குற ஜனங்களுக்கு முதுகு காட்டினா நாடக வாத்தியார் பெரம்பால அடிப்பாரு. அந்தப் பழக்கம் இன்னும் போவல. உங்களப் பாத்து இல்ல."

மதலைமுத்து கோணி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"சரி. இனிமே பாரு. அவசரம் இல்ல."

நாடகக்காரி என்றதும் விலகிப்போவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவனோ மறுநாளும் மூட்டை தைத்தான், மறுவாரமும் தைத்தான். மறுபடி கேட்கவில்லை. அவளுடைய கதையை அவன் மீனம்பாளிடம்கூடச் சொல்லவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் ஆரோக்கியம் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எல்லாரையும் போல வாசலுக்கு நடந்தாள்.

"போச்சு அண்ணே, மூஞ்சியத் திருப்பிக்கினா," என்றாள் மீனம்பாள்.

மதலைமுத்து ஊசியைக் கோணியில் குத்திவைத்தான். தான் இனி அவளுக்கு நாடகம் பார்க்க வந்தவன் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ இன்னா கண்ட," என்று சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனான்.

"சாமியார் இப்ப இருப்பாரா?" என்று அவள் திரும்பாமலே கேட்டாள்.

"இருப்பாரு. ஆனா தவசு காலம், கல்யாணம் கெடையாது. பாஸ்கா திருநாள் முடிஞ்சிதான் ஓலை வாசிப்பாரு."

"அவசரம் இல்ல," என்றாள் ஆரோக்கியம். அப்போதும் அவள் திரும்பவில்லை.