பின் இருக்கையில் அழுத குழந்தை

பாலக்காடு போகும் பேருந்தில் கோபாலபுரத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவள் சின்னப் பெண். முகம் வெளிறியிருந்தது. செல்பேசியில் ஒரு படத்தைப் பார்ப்பதும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்வதுமாகவே வந்தாள். படத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே ஒரு துளிக் குழந்தை.

“உன் குழந்தையாம்மா?”

“ஆமாங்கக்கா. மாசம் ஆகறதுக்கு முன்னாடியே பொறந்துருச்சுங்க. பாலக்காட்டு ஆசுபத்திரியில வெச்சிருக்காங்க. தாய்ப்பால் கொண்டாங்கறாங்க. எவ்வளவு பீச்சினாலும் ஒரு சொட்டு வரமாட்டேங்குதுங்க.”

பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள் நான். கவலை பாலை அடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளிடம் போய்க் கவலைப்படாதே என்று எப்படிச் சொல்வது?

கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் பின் இருக்கையில் யாருடைய கைக்குழந்தையோ பசியில் வீறிட்டது. இவள் சட்டென்று நிமிர்ந்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது.

“அக்கா, பால் வந்துருச்சுங்க!” என்று என் கையை இறுகப் பிடித்தாள். சேலையை இழுத்து மூடிக்கொண்டே அழுதாள், சிரித்தாள்.

காதில் விழும் அழுகை மூளைக்குப் போவதையும், மூளை ஒரு சொட்டு ஹார்மோனை ரத்தத்தில் கலந்துவிடுவதையும், அது மார்பைத் திறப்பதையும் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அன்று அதைக் கண்ணெதிரே பார்த்தேன். யார் பெற்ற பிள்ளையோ அழுதது. அந்த உடம்பு வித்தியாசம் பார்க்கவில்லை.

ஆசுபத்திரி நிறுத்தத்தில் இறங்குமுன் அவள் பின் இருக்கைக்குப் போய் அந்தக் குழந்தையின் பாதத்தில் முத்தமிட்டாள். அதன் தாய் ஒன்றும் விளங்காமல் பார்த்தாள். குழந்தை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது.