ஆம்ப்ளிஃபயருக்கு வைத்த ஒப்பாரி

தொண்ணூறுகளின் கடைசியில் சித்தி தான் பாடின பாட்டைப் பதிந்து ஒரு கேசட் போட்டாள். எனக்கு ரத்த சொந்தமெல்லாம் இல்லை. கோவில்பட்டியைச் சுற்றி எந்த ஊரில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள், ஊருக்கே சித்தி. தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் பின்பாட்டுக்கு நானும் ரிக்கார்டிங் கடைக்குப் போனேன்.

தாலாட்டு, கும்மி என்று ஊர்ப்பாட்டு நாலு, அவளே கட்டின பாட்டு ஆறு. ஒன்பது பாட்டு மத்தியானத்துக்குள் முடிந்தது. பத்தாவது, செத்துப்போன தன் வீட்டுக்காரருக்கு அவள் கட்டின ஒப்பாரி. முதல் வரிக்கே ரிக்கார்டிங் அண்ணாச்சி மெஷினை நிறுத்திவிட்டார்.

"என்னத்தப் பாடுதீங்க யக்கா? பின்னால எம்பொண்டாட்டி பிள்ளைய குடியிருக்கு. சாவு இல்லாத வீட்ல ஒப்பாரி பாடுனா சாவு வந்திரும்லா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பருத்தி எடுக்கையில் நான் ஒப்பாரியில் ஒரு வரி முணுமுணுத்தாலே சித்தி மண்டையில் கொட்டுவாள். ஆனால் இந்தப் பாட்டை மட்டும் விட அவளுக்கு மனசில்லை. வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு அவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சித்தி ஆரம்பிப்பாள், சித்தி ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தே மற்ற பொம்பளைகளும் பாடவில்லை. மனுசன் பாட்டே இல்லாமல் போய்ச் சேர்ந்தார். பாட்டைக் கட்டின பிறகு பாட இடமில்லை. அடுத்தவன் சாவில் தன் புருசனைப் பாட முடியுமா?

சித்தி மூலையில் கிடந்த ஒரு பெட்டியைக் காட்டினாள். "அது என்ன அண்ணாச்சி?"

"ஆம்ப்ளிஃபயரு யக்கா. நேத்து புகைஞ்சு செத்துப்போச்சு."

"அப்ப இது சாவு வீடுதான?"

சித்தி பெட்டியைத் தூக்கி நடுவில் வைத்தாள். தலையைத் தெற்கே வைக்கணுமே, இதுக்குத் தலை எது என்று கேட்டாள். அண்ணாச்சி ரொம்ப யோசித்து, "வயர் இருக்க பக்கம் காலுன்னு வச்சுக்கிடுங்க" என்றார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி மெஷினை ஓட விட்டார். சித்தி பாட ஆரம்பித்தாள்.

உப்பில்லாக் கஞ்சிக்கும் ஒரு குத்தம் சொன்னதில்ல - நான்
ஊருக்கெல்லாம் பாடையில ஒங்கூட இருந்ததில்ல

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பின்பாட்டுப் பாடவே மறந்துவிட்டேன்.

முடிந்ததும் போட்டுக் கேட்டோம். நடுவில் ஆம்பளை ஒருத்தர் விம்முகிற சத்தம் தெளிவாக விழுந்திருந்தது. அண்ணாச்சிக்கு வெட்கமாகிவிட்டது. "இத அழிச்சிருவோம்க்கா. இன்னொருக்கா பாடுங்க" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்கு எங்க வீட்ல அவியளுக்கு ஒருத்தரும் வாய்விட்டு அழல. அது அப்படியே கெடக்கட்டும்."

அவர் எழுந்து பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் வாளித் தண்ணீரைத் தலைக்கு ஊற்றுகிற சத்தம் கேட்டது. சாவு வீட்டில் அழுதவர் குளிக்காமல் இருக்க முடியுமா? சித்தி சுவரில் சாய்ந்து, அந்தச் சத்தம் ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.