மச்சு ஹாலின் இரைச்சல்

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்கிறார் டாக்டர். உப்பின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் ஒரு தபேலாவைப் பார்த்ததிலிருந்து வந்தது. அதன் தோலைக் கிழித்து, உள்ளே பல்பு மாட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் போன மாதம் ஒரு காபி குடித்தேன். காபியும் மோசம்.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில், ஆணியும் கம்பியும் விற்கும் கடைக்கு மேலே இருக்கிறது மச்சு ஹால். உள்ளே இருப்பவர் மூச்சை வெளியே விட்டால்தான் அடுத்தவர் நுழைய முடியும், அவ்வளவு விசாலம். எங்கள் ஊரில் மெல்லிசை என்பது நேரில் நடந்தது அங்கேதான். இப்போது கட்டடக்காரரின் பேரன் அதைப் புதுப்பித்து, ‘பாரம்பரிய நேரடி இசைக்கூடம்’ என்று பலகை மாட்டியிருக்கிறான். திறப்பு விழாவுக்கு மேரியக்காவை அழைத்திருந்தார்கள். துணைக்கு நான்.

மேரியக்கா எங்கள் மெல்லிசைக் குழுவின் பாடகி. களமருதூரில் நடவுக்குப் போகும் குடும்பம். மாதா கோயிலில் பாடிப் பாடி உரமேறிய குரல். நான் அப்போது சர்க்கரை ஆலையில் குமாஸ்தா, சனிக்கிழமைகளில் அதே குழுவின் அறிவிப்பாளன். பாடவும் வராது, வாசிக்கவும் வராது என்றால் அந்த ஒரு வேலைதான் மிச்சம். “நிலவைப் பிழிந்து, தேனில் நனைத்து...” என்று நான் தொடங்குவேன். பின்னாலிருந்து, “யோவ், பிழிஞ்சது போதும், அந்தப் பொண்ண பாட வுடுய்யா!” என்று குரல் வரும். கல்வராயன் மலையிலிருந்து புளி விற்க இறங்கியவர்கள். காலிக் கோணியை மடித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால், கடைசி பஸ்ஸாவது ஒன்றாவது. ஹால் முழுக்கப் புளி வாசனை. “நான் பாடறதா, எச்சி முழுங்கறதா?” என்று அக்கா என்னைத் திட்டுவார், புளியை நான்தான் விளைவித்ததுபோல.

இந்த முறை நுழைந்ததும் ரூம் ஸ்பிரேதான் வரவேற்றது. மர பெஞ்சுகளைக் காணோம். கண்ணாடி பதித்த குட்டி மேசைகள். அந்தத் தபேலா விளக்கின் அடியில் அக்கா நின்றுவிட்டார்.

“தே, இது ரகீம் பாயோடது. மோதிரம் பட்டுப் பட்டு விளிம்பு தேஞ்ச எடம் பாரு.” ரகீம் பாய் எங்கள் தபேலாக்காரர், காலமாகி வருஷங்கள் ஆயிற்று. “செத்தவர இப்படித்தான் தொங்க வுடுவாங்களா?”

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. மறுவாரம் அறுவை சிகிச்சை. அதன்பிறகு குரல் திரும்புமா என்பதற்கு டாக்டரிடம் பதில் இல்லை. அதற்குமுன் அந்த மேடையில் ஒரே ஒரு பாட்டை முழுசாகப் பாடிவிட வேண்டும், அதற்காகத்தான் வந்திருந்தார்.

பொன்னாடை போர்த்தினார்கள். பேரன் குனிந்து பணிவாகச் சொன்னான்: “மேடம், நீங்க சும்மா வாய அசைச்சா போதும். ஒங்க பழைய கேசட்ட கிளீன் பண்ணி, புது மியூசிக் போட்டு வெச்சிருக்கோம்.”

“வாய அசைக்க நான் இன்னா தொட்டி மீனா? பாடத்தாம்ப்பா வந்தேன்.”

“மியூசிக் இல்லாம எப்டிங்க?”

“நேரடின்னு போர்டு போட்டது நானா?”

மைக்கைத் தள்ளிவிட்டுத் தொடங்கினார். முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரி நிலைத்து நின்றது. அப்போது பின்னாலிருந்து உள்ளங்கைகள் மேசையைத் தட்டத் தொடங்கின. பழைய ஆட்கள்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். அந்த நாளில் பாட்டு நடுவே கரண்ட் போகும். ஆர்கன், கிடார், மைக் எல்லாம் செத்துவிடும். பாட்டு சாகாது. ஹால் மொத்தமும் பெஞ்சைத் தட்டித் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அக்கா இருட்டில் பாடிக்கொண்டே போவார். கரண்ட் வந்ததும், ஓடும் பஸ்ஸில் தொற்றுவதுபோல ஆர்கன் சரியான இடத்தில் ஏறிக்கொள்ளும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்படிக் கரண்ட் போன ஒரு நாளில் பேட்டரி டேப்பில் பிடித்ததுதான் பேரன் சொன்ன அந்தப் பழைய கேசட்டே.

பேரனுக்கு அது கலாட்டாவாகத் தெரிந்திருக்கிறது. “கிளாஸ் ஒடஞ்சிடும் சார்!” என்று கத்தி, யாருக்கோ கைகாட்டினான். ஸ்பீக்கர் வெடித்தது. அதே பாட்டு, அதே அக்கா, வயது மட்டும் இருபத்துச் சொச்சம். சரணத்தில் நின்றிருந்த அறுபது வயதுக்காரியை அந்தப் பெண் தள்ளிவிட்டுப் போனாள். அக்காவின் வாய் சிறிது நேரம் அசைந்தது, ஓசை கேட்கவில்லை. எல்லாரும் போனில் படமெடுத்தார்கள். அவன் கேட்டதுபோலவே ஆயிற்று.

நான் போய் அவன் சட்டையைப் பிடித்தேன். என் வீரத்துக்கு ஒரு பட்டன்தான் கிடைத்தது. “அவங்க பாடிக்கினு இருக்கறப்ப எதுக்குடா போட்ட?”

“நாய்ஸ் ஜாஸ்தி அங்கிள். பழைய கேசட்டுலயும் பின்னாடி இதே டொம்டொம்தான். கஷ்டப்பட்டு எடுத்தோம். இப்ப எவ்ளோ சுத்தமா கேக்குது பாருங்க.”

பெருமையாகத்தான் சொன்னான். புளிக்காரர்கள், லாரிக்காரர்கள், ஒரு ஹால் நிறைந்த உள்ளங்கைகள். மொத்தத்தையும் துடைத்துப் போட்டுவிட்டு, என்னிடமே பாராட்டு எதிர்பார்த்தான்.

படியிறங்கும்போது அக்கா கேட்டார்: “என் கொரலு கேட்டுச்சா?”

“கேட்டுச்சிக்கா.”

“எது?”

அறுவை நல்லபடி முடிந்துவிட்டது. அக்கா இன்னும் பேசக் கூடாதாம். மச்சு ஹாலில் சனிக்கிழமைதோறும் அவர் பாட்டு ஓடுகிறது. துளி இரைச்சல் கிடையாது, கடைவீதி வரைக்கும் கேட்கிறது. யாரும் எதையும் தட்டுவதில்லை.