உருண்டு வந்த தண்ணீர்த் தொட்டி

சிலாந்தோய்க்குச் சிரிப்பு வந்துவிட்டால் அடக்கத் தெரியாது. எங்கள் பக்கத்தில் மணப்பெண் தலையைக் குனிந்து அழுதுகொண்டேதான் கணவன் ஊருக்கு நடக்க வேண்டும். அவளோ, வழியில் ஒரு வெள்ளாடு மாப்பிள்ளையின் சிவப்புப் போர்வையைக் கடித்து இழுத்ததைக் கண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டாள். அன்று அவளை முறைத்த, மாப்பிள்ளையின் மூத்த மனைவி சொய்லாதான் பின்னால் அவளுக்கு உயிர்த்தோழியானாள். இருவரும் ஒன்றாகவே சாணம் குழைத்து வீடு கட்டினார்கள், ஒன்றாகவே ஆற்றுக்குப் போய் தண்ணீர் சுமந்தார்கள்.

நரோக் நகரத்திலிருந்து குன்தாய் என்ற இளம் வாத்தியாரும் அவன் நண்பர்களும் கூலி வாங்காமல் பள்ளிக்கூடம் கட்ட வந்தபோது, முதலில் கல் சுமக்கப் போய் நின்றவர்கள் இவர்கள் இருவரும்தான். சுவர் எழுந்தது, தகரக் கூரையும் ஏறியது. ஆனால் பெண் பிள்ளைகளை அனுப்ப ஊர்ப் பெரியவர் நம்பாசோ ஒத்துக்கொள்ளவில்லை.

"பொண்ணுங்க படிக்கப் போனா ஆத்துத் தண்ணிய யாரு சுமக்குறது? தண்ணி தானா என் காலடிக்கு வந்து நிக்கட்டும். அப்புறம் அனுப்புறேன்" என்றார். சொல்லிவிட்டு நிம்மதியாகக் கருவேல மரத்தடிக்குக் கூழாங்கல் ஆட்டம் ஆடப் போனார்.

சிலாந்தோய் குன்தாயை விடாமல் நச்சரித்தாள். குன்தாய் ஊர் ஊராகப் பணம் கேட்டு, பள்ளிக் கூரையின் மழைநீரைச் சேர்க்க ஒரு பெரிய கறுப்புத் தொட்டி வாங்கினான். அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவள் அவன் நண்பர்களில் ஒருத்தியான பியா, டென்மார்க்குக்காரி. எங்கள் மொழியில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். மேட்டுக்கு அந்தப்புறம் ஓடைச் சேற்றில் லாரி புதைந்தபோதும், ஓடி வந்த பெண்களிடம் அதையேதான் கேட்டாள்: "மாடெல்லாம் சௌக்கியமா?"

"மாடு சௌக்கியம்தான், உன் லாரிதான் படுத்துருச்சு" என்றாள் சொய்லா.

தொட்டியை இறக்கிவிட்டார்கள். எப்படித் தூக்குவது என்று குன்தாய் சுற்றிச் சுற்றி வந்தான்.

"எதுக்குத் தூக்கணும்? காலியாத்தானே இருக்கு, உருட்டுவோம்" என்றாள் சிலாந்தோய்.

"மேடு வரைக்கும் சரிக்கா. அந்தப் பக்கம் சரிவுல புடிக்க முடியாதே."

"முரட்டுக் காளையவே புடிச்சிருக்கேன் தம்பி."

மேடு ஏறும்வரை தொட்டி பிள்ளைபோல் வந்தது. உச்சியில் எல்லாரும் மூச்சு வாங்க நின்றார்கள். தொட்டி நிற்கவில்லை.

சரிவில் அது கல்லில் மோதி எகிறும்போதெல்லாம் இடி இடித்தது. சிலாந்தோய் கூவிக்கொண்டே பின்னால் பறந்தாள். செருப்பு ஒரு பக்கம் போயிற்று, கழுத்து மணிவளையம் முகவாயில் அடித்தது. ஆடுகள் சிதறின. ஒரு தீக்கோழி மட்டும் ஒதுங்கத் தோன்றாமல், தொட்டிக்கு முன்னால் நேர்கோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்ததும் சிலாந்தோய்க்குக் கால் தள்ளாடியது. ஓடுவதா, சிரிப்பதா?

மரத்தடியில் இருந்தவர்கள் முதலில் தீக்கோழியைப் பார்த்தார்கள், பிறகு தொட்டியை. முழங்கால் வலியென்று மூன்று பருவமாக மாடு மேய்க்கப் போகாத நம்பாசோ, போர்வையை வாரிச் சுருட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினார். தொட்டி கூழாங்கற்களை நசுக்கிக்கொண்டு போய்க் கரையான் புற்றில் மோதி நின்றது. அதன் மறுபுறம்தான் அவர் பதுங்கியிருந்தார்.

சிலாந்தோய் வந்து சேர்ந்தாள். பேச முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

"பெரியவரே, காலடிக்கு வந்துருச்சு."

நம்பாசோ எட்டிப் பார்த்தார். "உள்ள சொட்டுத் தண்ணி இல்லையே."

"மழை பெய்யட்டும், நிறையும்" என்றாள் பின்னால் வந்த சொய்லா. "அதுசரி, முழங்கால் எப்படி இருக்கு?"

கூட ஓடிய கிழவர்களே முதலில் சிரித்தார்கள். நம்பாசோ போர்வையை உதறிப் போட்டுக்கொண்டார். முறைக்கப் பார்த்தார், முடியவில்லை, அவருக்கும் தோள் குலுங்கியது.

"அனுப்பித் தொலைங்க. முதல்ல இந்தச் சனியன எங்கயாவது கட்டிப் போடுங்க."

ஒரு பக்கம் நசுங்கினாலும் தொட்டி ஒழுகவில்லை. பருவமழையின் முதல் நாளில் பள்ளிக் கூரைத் தண்ணீர் அதற்குள் விழும் சத்தம் கேட்கப் பெண்கள் எல்லாரும் நனைந்துகொண்டே காதை வைத்து நின்றார்கள். பியா சேற்றில் அவர்களோடு குதித்து ஆடினாள்.

பள்ளி திறந்த அன்று, ஆற்றுக்குப் போக வேண்டியிராத பெண் பிள்ளைகள் விடிவதற்குள் வந்து நின்றார்கள். கதவு பூட்டியிருந்தது. சிலாந்தோய்க்குப் பொறுக்கவில்லை. தன் மகள் ரெசியாத்தோவில் தொடங்கி ஒவ்வொருத்தியாகத் தூக்கி ஜன்னல் வழியே உள்ளே இறக்கினாள். குன்தாய் சாவியோடு வந்து கதவைத் திறந்தபோது வகுப்பு நிறைந்திருந்தது. அத்தனை பேரும் எழுந்து அவனுக்கு வணக்கம் சொன்னார்கள்.